ஐசியுவில் ‘சுச்சி டாரா’ என்கிறார்களா? குடல் ஓட்டை ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டார் செய்ய வேண்டியது

கையெழுத்து கேட்டு நிற்கிறார்கள் என்றால் இந்த ஒரு பத்தியை மட்டும் இப்போது படியுங்கள். குடல் ஓட்டையாகி ஆபரேஷன் முடிந்தவருக்குச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை, இரத்தம் கழுவ வேண்டும் (மலாய் மொழியில் ‘சுச்சி டாரா’) என்று டாக்டர் சொன்னால் கையெழுத்துப் போடுங்கள். பினாங்கு அண்ணன் வரட்டும், ஐயரிடம் நேரம் கேட்கிறேன் என்று இழுக்க வேண்டாம், இரத்தத்தில் பொட்டாசியம் ஏறிக்கொண்டிருந்தால் அண்ணன் பஸ் ஏறுவதற்குள் இதயம் நின்றுவிடலாம். ஆனால் அவர்கள் சொல்வது சிறுநீரகத்துக்காக இல்லாமல், ‘விஷத்தை உறிஞ்சுகிற தனி வடிகட்டி, வெளியில் வாங்க வேண்டும்’ என்கிற சங்கதி என்றால், அதற்கு அவ்வளவு அவசரம் இல்லை. மீதியைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நான் டாக்டர் இல்லை. செம்பனை ஆலையில் ஷிஃப்ட் வேலை, பம்பு, வால்வு, வடிகட்டி பார்ப்பவன். வீடு மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தை (பெஸ்தாரி ஜெயா என்று போர்டு மாறி எவ்வளவோ நாளாகிவிட்டது, எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான்). மூன்று வருஷத்துக்கு முன்னால் என் தாய்மாமா ஐசியுவில் பத்தொன்பது நாள் கிடந்தார். வீட்டில் டாக்டரோடு மலாயில் மல்லுக்கட்டக்கூடியவன் நான் ஒருவன் என்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது, அதிலிருந்து எங்கள் தாமானில் (குடியிருப்பில்) யாருக்கு ஐசியு என்றாலும் ராத்திரி போன் எனக்குத்தான் வருகிறது. ‘தம்பி, ரத்தம் கழுவணுமாம், கழுவினா பொழைச்சிடுவாரா?’ எல்லாரும் கேட்கிற கேள்வி இதுதான். ஒவ்வொரு முறையும் போனில் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதி வைக்கிறேன்.

மாமா கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். வயது 61, முப்பது வருஷம் செம்பனைக் குலை வெட்டிய உடம்பு. முட்டி வலிக்கு யாரோ மோட்டாரில் கொண்டுவந்து விற்ற ஜாமு (நாட்டு மூலிகை மருந்து) பாக்கெட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், ‘ரெண்டே நாள்ல முட்டி பறந்துபோச்சுடா’ என்று எனக்கும் ஒரு பாக்கெட் கொடுத்தார். இந்த மாதிரி ஜாமுகளில் டெக்ஸாமெத்தசோன் என்கிற ஸ்டீராய்டைத் திருட்டுத்தனமாகக் கலக்கிறார்கள் என்று சுகாதார அமைச்சு பல தடவை எச்சரித்திருக்கிறது, எங்கள் தோட்டத்தில் யார் காதில் விழுந்தது? ஸ்டீராய்டு இரண்டு கெடுதல் செய்யும். குடல் ஓட்டையாவதற்கு வழி விடும், ஓட்டையான பிறகு வலியை மறைத்தும் வைக்கும். சனிக்கிழமை ராத்திரி ‘வாயு’ என்று படுத்தார். ஞாயிறு ஒரு கிளினிக்கில் கேஸ்ட்ரிக் மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். திங்கள் விடிகாலையில் அத்தை தொட்டுப் பார்த்தால் வயிறு பலகை மாதிரி இறுகிக் கிடக்கிறது, நெற்றியில் குளிர்ந்த வேர்வை, ஆள் சொன்னதையே சொல்கிறார். 999 அழைத்தோம். பெருங்குடலின் கடைசி வளைவில் ஓட்டை விழுந்து மலம் வயிற்றுக்குள் கொட்டியிருந்தது. ஆபரேஷன் மேசைக்குப் போகும்போது முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

(வயிறு இறுகி, அசைந்தாலோ இருமினாலோ உயிர் போகிற மாதிரி வலித்து, வேர்த்துக் கொட்டினால் கிளினிக் வாசலில் நம்பர் எடுத்து உட்காராதீர்கள். நேராக ஆஸ்பத்திரி எமர்ஜென்சி.)

உள்ளே என்ன நடக்கிறது

ஆலைக்காரன் என்பதால் எனக்கு இது இப்படித்தான் புரிந்தது. ஆலைக் கழிவுக் குட்டையின் கரை உடைந்து ஆற்றில் கலந்தால் முதலில் என்ன செய்வோம்? கரையை அடைப்போம். கரையை அடைக்காமல் ஆற்றுக்குள் பம்பை இறக்கி, தண்ணீரை வடிகட்டி வடிகட்டித் திருப்பி விட்டால் மேனேஜர் நம்மைப் பைத்தியம் என்பார். குடலிலும் அதே கதைதான். ஓட்டையை அடைப்பது அல்லது கெட்ட பகுதியை வெட்டி எடுப்பது, வயிற்றைக் கழுவிச் சீழையும் மலத்தையும் வெளியேற்றுவது, சரியான ஆன்டிபயாட்டிக்கைச் சீக்கிரம் ஏற்றுவது, இந்த மூன்றும்தான் வைத்தியம். மெஷின் எதுவானாலும் அதற்குப் பிறகுதான்.

கரை உடைந்த நேரத்தில் கிருமியும் அதன் விஷமும் இரத்தத்தில் இறங்கியிருக்கும். அவற்றோடு சண்டை போட உடம்பு சுரப்பதே அளவுக்கு மிஞ்சி, இரத்தக் குழாய்கள் தளர்ந்து, பிரஷர் விழுந்துவிடும். செப்டிக் ஷாக் என்று சொல்வது இதைத்தான். பிரஷர் விழுந்தால் முதலில் அடி வாங்குகிற உறுப்புகளில் சிறுநீரகம் ஒன்று. கட்டிலில் தொங்குகிற மூத்திரப் பையில் மணிக்கு 30 மில்லி கூட இறங்கவில்லை என்றால் டாக்டர்கள் முகம் மாறும். ‘சுச்சி டாரா’ என்ற பேச்சு இங்கேதான் ஆரம்பிக்கும்.

ஒரு பெயர், இரண்டு வேலை

குழப்பம் எல்லாம் இந்தப் பெயரால் வருவது. மலாயில் சுச்சி டாரா, நம் வாயில் இரத்தம் கழுவுவது. வாரம் மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் போய் உட்கார்ந்து வருகிற டயாலிசிஸுக்கும் அதே பெயர், ஐசியுவில் இரவு பகலாக ஓடுகிற மெஷினுக்கும் அதே பெயர், விஷம் உறிஞ்சும் வடிகட்டிக்கும் அதே பெயர். அதனால் முதல் கேள்வி இதுவாகவே இருக்கட்டும்: ‘டாக்டர், இது சிறுநீரகத்துக்காகவா, இல்லை கிருமியின் விஷத்தை எடுப்பதற்காகவா?’

சிறுநீரகத்துக்காக என்றால்: பிரஷர் ஆடிக்கொண்டிருப்பவருக்கு நாலு மணி நேர டயாலிசிஸ் தாங்காது, வேகமாகத் தண்ணீரை இழுத்தால் பிரஷர் இன்னும் விழும். அதனால் 24 மணி நேரமும் மெதுவாக ஓடுகிற மெஷினைப் போடுவார்கள், சிஆர்ஆர்டி என்பார்கள். அது இல்லாத ஆஸ்பத்திரியில் சாதாரண டயாலிசிஸ் மெஷினையே வேகம் குறைத்து ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை ஓட்டுவார்கள், அதற்கு ஸ்லெட் என்று பெயர். ‘பெரிய மெஷின் போடலையே, ஏழைன்னா இப்படித்தான்’ என்று அத்தை அழுதார், அப்படியெல்லாம் இல்லை, ஸ்லெட்டும் முறையான வைத்தியம்தான். கழுத்திலோ தொடை இடுக்கிலோ பெரிய இரத்தக் குழாயில் தடித்த குழாய் ஒன்று போடுவார்கள். நிமிஷத்துக்கு 150, 200 மில்லி இரத்தம் வெளியே வந்து வடிகட்டி வழியாகத் திரும்பப் போகும். சிஆர்ஆர்டியில் வடிகட்டி வெளியேற்றுகிற கழிவு நீருக்கு உலக அளவில் ஒப்புக்கொண்ட அளவு உடல் எடையில் கிலோவுக்கு மணிக்கு 20 முதல் 25 மில்லி, 60 கிலோ ஆளுக்குக் கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு சுமார் 29 முதல் 36 லிட்டர். இதற்கு மேல் ஓட்டினால் கூடுதலாகப் பிழைப்பார்களா என்று பெரிய ஆய்வுகள் செய்து பார்த்துவிட்டார்கள், பலன் இல்லை. ஆகவே ‘ஸ்பீடு கூட்டச் சொல்லுங்க’ என்று நர்ஸிடம் சண்டை போடாதீர்கள். நான் போட்டேன்.

எப்போது ஆரம்பிப்பது என்பதிலும் சண்டை வரும். ‘மூத்திரம் வரலைன்னு நேத்தே தெரியும், ஏன் இன்னும் போடலை?’ இதற்கு 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வில் பதில் இருக்கிறது. பல நாடுகளில் ஏறத்தாழ 3,000 பேர், ஒரு பாதிக்குச் சீக்கிரமே மெஷின், மறு பாதிக்கு உண்மையான தேவை வரும்வரை காத்திருப்பு. 90 நாளில் இறந்தவர்கள் இந்தப் பக்கம் 43.9 சதவீதம், அந்தப் பக்கம் 43.7. வித்தியாசமே இல்லை. அதுமட்டுமில்லை, பிழைத்தவர்களில் 90 நாள் கழித்தும் டயாலிசிஸை விட முடியாதவர்கள் சீக்கிரம் போட்ட பக்கத்தில்தான் அதிகம். பொட்டாசியம் ஏறுவது, இரத்தம் அமிலமாவது, நுரையீரலில் தண்ணீர் கட்டுவது, யூரியா மிக அதிகமாவது, இவை வந்தால் உடனே போட வேண்டும், வராதபோது டாக்டர் காத்திருந்தால் அது அலட்சியம் இல்லை.

விஷம் உறிஞ்சும் வடிகட்டி: இங்கே நிதானம் வேண்டும்

கிருமிகளில் ஒரு வகை, குடலில் வாழ்கிற ஈ.கோலை போன்றவை, அவற்றின் வெளிச் சுவரில் எண்டோடாக்சின் என்கிற விஷம் இருக்கிறது. பாலிமிக்சின் பி என்கிற பழைய ஆன்டிபயாட்டிக் அந்த விஷத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்த மருந்தை நாரில் ஒட்டவைத்து, நாரை ஒரு குழலுக்குள் அடைத்து, இரத்தத்தை அதன் வழியாக ஓட்டினால் விஷம் நாரில் தங்கிவிடும், மருந்து உடம்புக்குள் போகாது. யோசித்தவன் கெட்டிக்காரன்தான். ஜப்பானில் 1994 முதல் பயன்படுத்துகிறார்கள். இரண்டு மணி நேரம் ஒரு தடவை, மறுநாள் இன்னொரு தடவை, அவ்வளவுதான்.

பலன் உண்டா? 2009இல் இத்தாலியில் வயிற்று ஆபரேஷன் முடிந்து ஷாக்கில் இருந்த 64 பேரிடம் பார்த்தபோது 28 நாளில் இறந்தவர்கள் வடிகட்டி போட்டவர்களில் 32 சதவீதம், போடாதவர்களில் 53. உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆனால் 2015இல் பிரான்சில் சரியாக நம் கேஸையே எடுத்துக்கொண்டார்கள், குடலோ வயிற்று உறுப்போ ஓட்டையாகி அவசர ஆபரேஷன் முடிந்து ஷாக்கில் இருப்பவர்கள், 232 பேர். போட்டவர்களில் 27.7 சதவீதம் இறந்தார்கள், போடாதவர்களில் 19.5. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்கிற அளவில்தான் இருந்தது, ஆனால் காப்பாற்றியதாக யாரும் சொல்ல முடியவில்லை. 2018இல் அமெரிக்கா, கனடாவில் 450 பேர். போட்டவர்களில் 37.7, மற்றவர்களில் 34.5. மறுபடியும் ஒன்றும் இல்லை. உலக அளவில் செப்சிஸ் (நோய்த்தொற்றால் உறுப்புகள் கெடுகிற நிலை) வைத்திய வழிகாட்டி எழுதுகிற குழு 2021இல் இதைப் போட வேண்டாம் என்ற பக்கமே சாய்ந்தது. சைட்டோகைன் என்கிற சுரப்பை உறிஞ்சும் மணிகள் நிரப்பிய இன்னொரு வகை வடிகட்டியும் உண்டு, அது போன்றவற்றுக்குப் போடு என்றோ போடாதே என்றோ சொல்ல ஆதாரம் போதாது என்று விட்டுவிட்டார்கள். இந்த வடிகட்டிகள் விஷத்தோடு சேர்த்து ஆன்டிபயாட்டிக்கையும் உறிஞ்சலாம், இரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களைக் குறைக்கலாம், வயிற்றில் புதுத் தையல் உள்ளவருக்கு அது விளையாட்டு இல்லை.

அதனால் என் கருத்து, கோபித்துக்கொள்ளாதீர்கள்: இருக்கிற ஆஸ்பத்திரியிலேயே டாக்டர் யோசித்து, காரணம் சொல்லிப் போடுகிறார் என்றால் போடட்டும். அதற்காக வீட்டை அடகு வைக்காதீர்கள், தாலியைக் கழற்றாதீர்கள், அதற்காகவே ஓடிக்கொண்டிருக்கும் வென்டிலேட்டரோடு வேறு ஆஸ்பத்திரிக்கு நோயாளியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். மூன்று மருந்து பம்பும் வென்டிலேட்டரும் உள்ளவரை ஆம்புலன்ஸில் ஒரு மணி நேரம் கொண்டுபோவதே ஓர் ஆபத்து. மாற்றத்தான் வேண்டும் என்றால் அதற்கு நல்ல காரணங்கள் வேறு: இங்கே ஐசியு படுக்கை இல்லை, சிடி ஸ்கேன் இல்லை, மறுபடி வயிற்றைத் திறக்க சர்ஜன் இல்லை. அப்படி என்றால் அடம்பிடித்துக் கேளுங்கள்.

நோட்டுப் புத்தகம் வாங்குங்கள்

ஐம்பது காசு நோட்டு போதும். வீட்டில் ஒருவர் மட்டும் டாக்டரோடு பேச வேண்டும். காலையில் அக்கா, மதியம் சித்தப்பா, ராத்திரி மச்சான் என்று மூன்று பேர் கேட்டால் மூன்று பதில் வரும், வாட்சப்பில் நான்காவது பதில் ஒன்று தானே உருவாகிவிடும். பேசுகிறவர் யார் என்று பாரத்தில் ‘வாரிஸ்’ (நெருங்கிய உறவினர்) பகுதியில் பெயரும் போன் நம்பரும் எழுதிக் கொடுங்கள், அந்த போனை ராத்திரி சைலண்டில் போடாதீர்கள். காலை ரவுண்டு முடிந்த பிறகு ஸ்பெஷலிஸ்டோ எம்.ஓ.வோ (வார்டு டாக்டர்) கிடைப்பார், அப்போது கேட்டால் முழுப் பதில் வரும், விசிட்டிங் நேரத்துக் கூட்டத்தில் கேட்டால் ‘ஸ்டேபிள்’ என்ற ஒரு வார்த்தைதான் வரும்.

முதல் நாள் கேட்க வேண்டியது: ஓட்டை எங்கே? மலம் கொட்டியிருந்ததா, சீழா? முழுவதும் கழுவியாகிவிட்டதா, மறுபடி திறக்க வேண்டியிருக்குமா? ஓட்டைக்குக் காரணம் புண்ணா, கட்டியா, வேறா? கட்டி என்றால் டெஸ்டுக்கு அனுப்பினார்களா? இந்தப் பதில்களில் பாதி எதிர்காலம் இருக்கிறது.

அப்புறம் தினமும் நாலு எண்ணை மட்டும் எழுதுங்கள். பிரஷர் ஏற்றும் மருந்து, அதாவது நோரட்ரினலின், எவ்வளவு ஓடுகிறது, நேற்றைவிடக் கூடியதா குறைந்ததா. லாக்டேட் (உடம்புக்கு இரத்த ஓட்டம் போதாதபோது இரத்தத்தில் ஏறுகிற பொருள்) எவ்வளவு, 2க்குக் கீழே வந்தால் நல்ல செய்தி. ஆக்சிஜன் எத்தனை சதவீதம் கொடுக்கிறார்கள். மூத்திரம் எவ்வளவு.

கடைசியில் சொன்னது முக்கியம், ஏனென்றால் எல்லாரும் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) எண்ணைப் பார்த்து ஏமாறுகிறார்கள். நானும் ஏமாந்தேன். மெஷின் போட்ட மறுநாள் மாமாவின் கிரியேட்டினின் பாதியாகிவிட்டது, நான் அத்தைக்கு போன் போட்டு கிட்னி திரும்பிடுச்சு என்றேன், அத்தை கோயிலில் அர்ச்சனைக்குச் சொல்லிவிட்டார். அது மெஷின் இறக்கிய எண், கிட்னி இறக்கியது இல்லை. வடிகட்டி மாட்டின தொட்டியில் தண்ணீர் தெளிந்திருக்கிறது என்றால் பம்பு ஓடுகிறது என்றுதான் அர்த்தம், ஆலையில் பதினைந்து வருஷமாக இதையே பார்க்கிறவன், ஐசியுவில் தோன்றவில்லை. மெஷின் ஓடும்போது பார்க்க வேண்டியது மூத்திரப் பையை. பதினோராம் நாள் முழு நாளுக்கும் சேர்த்தே 40 மில்லிதான் இருந்தது, மறுநாள் 200, அதற்கடுத்த நாள் 700. அன்றைக்குத்தான் உண்மையில் அர்ச்சனை செய்திருக்க வேண்டும்.

மெஷின் அடிக்கடி சத்தம் போடும், வடிகட்டியில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும், மாற்றுவார்கள். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுத்தால் ஆபரேஷன் செய்த இடத்தில் கசியுமோ என்ற பயம் வேறு, ஆகவே அடிக்கடி அடைப்பதற்காக நர்ஸைக் குறை சொல்லாதீர்கள். உடம்பு சில்லென்று இருந்தால் பயப்பட வேண்டாம், இரத்தம் வெளியே சுற்றி வருவதால் சூடு குறையும். அதில் ஒரு சங்கடமும் உண்டு: காய்ச்சல் இல்லை என்பதை வைத்து நோய்த்தொற்று இல்லை என்று சொல்ல முடியாது.

பிழைப்பாரா?

சரி, அந்தக் கேள்வி. செப்டிக் ஷாக்கை 2016இல் புதிதாக வரையறுத்தபோது, பிரஷர் மருந்து தேவைப்பட்டு லாக்டேட்டும் 2க்கு மேல் உள்ளவர்களில் 40 சதவீதத்துக்கும் மேல் ஆஸ்பத்திரியிலேயே இறந்துவிடுகிறார்கள் என்று கணக்குச் சொன்னார்கள். பத்துக்கு நாலு. இதைக் கேட்டுச் சிலர் உடைந்துபோகிறார்கள், ஆனால் மீதி ஆறு பேர் வீட்டுக்குப் போகிறார்கள் என்பதும் அதே கணக்குதான். உங்கள் ஆள் எந்தப் பக்கம் என்று யாராலும் முதல் நாளே சொல்ல முடியாது, சொல்கிறவரை நம்பாதீர்கள்.

தராசை எது சாய்க்கிறது என்று சொல்ல முடியும். ஜெர்மனியின் மான்ஹைம் நகரத்தின் பெயரில் ஒரு மதிப்பெண் பட்டியல் இருக்கிறது, சர்ஜன்கள் இன்றும் பார்க்கிறார்கள். வயது 50க்கு மேல், ஏற்கெனவே உறுப்பு செயலிழந்திருப்பது, புற்றுநோய், ஆபரேஷனுக்கு முன் 24 மணி நேரம் கடந்திருப்பது, வயிறு முழுக்கப் பரவியிருப்பது எல்லாம் மார்க் கூட்டும், எல்லாவற்றையும்விட அதிக மார்க் வயிற்றுக்குள் மலம் கொட்டியிருந்தால். கூடக் கூடக் கெட்டது. இரைப்பையில் சின்ன ஓட்டை, ஆறு மணி நேரத்தில் தைத்தாயிற்று, வயது நாற்பது என்றால் ஒரு கதை. பெருங்குடல், இரண்டு நாள், எழுபது வயது, இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) என்றால் வேறு கதை. சிறுநீரகம் மட்டும் நின்றது ஒன்று, நுரையீரலும் கல்லீரலும் சேர்ந்து நின்றது இன்னொன்று. மெஷின் போட்டிருப்பது நோய் கடுமை என்பதற்கு அடையாளம். மெஷினால் இறந்துவிட்டார் என்று சொல்கிறவர்கள் எங்கள் ஊரிலும் உண்டு, அவர்கள் ஆம்புலன்ஸ் வந்ததால்தான் விபத்து நடந்தது என்கிற ஜாதி.

என் அனுபவத்தில் மூன்றாம் நாள் முக்கியம். அதற்குள் பிரஷர் மருந்து இறங்க ஆரம்பித்து லாக்டேட்டும் இறங்கினால் மூச்சு விடலாம். இறங்கிக்கொண்டிருந்த மருந்து ஐந்தாம் நாள், ஏழாம் நாள் வாக்கில் திடீரென்று மறுபடி ஏறினால், ‘தையல் விட்டிருக்குமா, உள்ளே சீழ் கட்டியிருக்குமா, சிடி எடுப்பீர்களா?’ என்று நீங்களே கேளுங்கள். மாமாவுக்கு ஆறாம் நாள் அப்படித்தான் ஆனது. உள்ளே சீழ் கட்டியிருந்தது, மறுபடி திறந்து எடுத்தார்கள். மெஷின் அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது, அது காப்பாற்றிக் கொடுத்தது நேரத்தை. ஆளைக் காப்பாற்றியது அந்த இரண்டாவது ஆபரேஷன்.

எல்லாம் செய்தும் மருந்து ஏறிக்கொண்டே போகிறது, உறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுகின்றன என்றால் டாக்டர் உங்களை ஒரு அறைக்குக் கூப்பிடுவார். அப்போது கேட்க ஒரு நல்ல கேள்வி: ‘இன்னும் இரண்டு மூன்று நாள் கழுவிப் பார்த்தால் எதை எதிர்பார்க்கலாம், அது நடக்கவில்லை என்றால் என்ன செய்வீர்கள்?’ நாளைக் குறித்து முயற்சி செய்வது கைவிடுவது ஆகாது. கடைசி மூச்சு வீட்டில் போகட்டும் என்று கேட்கிற குடும்பங்கள் நம்மில் நிறைய. அதை மனதில் வைத்துக்கொண்டு கடைசி நிமிஷத்தில் கத்தாமல் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், வழியில் என்ன ஆகலாம், வலி தெரியாமல் இருக்க என்ன செய்யலாம் என்று அவர்களே சொல்வார்கள்.

பார்க்கப் போகும்போது

கை கழுவுங்கள், பேசுங்கள், கையைப் பிடியுங்கள். முகம் வீங்கி ஆளே அடையாளம் தெரியாது, அது தண்ணீர், வடியும். திருநீறு பூச ஆசைப்பட்டால் நர்ஸிடம் கேட்டு நெற்றியில் கொஞ்சமாக, கழுத்துக் குழாய்ப் பக்கம் தூள் விழக்கூடாது. பிளாஸ்கில் இளநீர் கொண்டுபோகாதீர்கள். ‘சூட்டைத் தணிக்கும்’ என்று அத்தை கொண்டுவந்தார், நல்லவேளை நர்ஸ் பார்த்துவிட்டார். இளநீர் முழுக்கப் பொட்டாசியம், மெஷின் இறக்குகிறதை நாம் ஏற்றுகிற கதை. கஷாயம், பஸ்பம், ஜாமு எதுவும் மூக்குக் குழாயில் போகக் கூடாது.

மயக்க மருந்து குறைக்கும்போது மாமா ‘பெரட்டுக்கு நேரமாச்சு, தண்டல் திட்டுவான், விடுடா என்னை’ என்று குழாய்களைப் பிடுங்கப் பார்த்தார் (பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் பெயர் கூப்பிடுவது, தண்டல் மேஸ்திரி). தோட்டத்தை விட்டு வந்தே எட்டு வருஷம் ஆகியிருந்தது. பேய் பிடித்துவிட்டது என்று ஒரு சித்தி சொன்னார். ஐசியுவில் இப்படிப் புத்தி தடுமாறுவது சகஜம், மூக்குக் கண்ணாடி போட்டுவிடுங்கள், இன்று என்ன கிழமை என்று சொல்லுங்கள், பகலில் பேச்சுக் கொடுத்து ராத்திரி தூங்க விடுங்கள்.

பணம்

அரசாங்க ஆஸ்பத்திரியில் குடிமக்களுக்கு மூன்றாம் வகுப்பு வார்டு நாளுக்கு 3 வெள்ளி (ரிங்கிட்). சிவப்பு அடையாளக் கார்டு உள்ளவர்கள் (நிரந்தரவாசிகள்), நாடு கடந்து வந்த தொழிலாளிகள் கட்டணத்தை முதல் நாளே கேட்டுவிடுங்கள், பில் பார்த்து அதிர வேண்டாம். ஆஸ்பத்திரியிலேயே மருத்துவ சமூகப் பணி அதிகாரி இருப்பார், யாரும் நமக்குச் சொல்வதில்லை, நாமே போய்க் கேட்க வேண்டும். பெர்கேசோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சந்தா கட்டியவர் என்றால், சிறுநீரகம் திரும்பாமல் வாரம் மூன்று முறை கழுவும் நிலை வந்தால் டயாலிசிஸ் உதவிக்குத் தகுதி உண்டா என்று விசாரியுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

மெஷினை நிறுத்தி நாலு நாளில் மாமா வார்டுக்கு வந்தார், வயிற்றில் மலப் பையோடு (குடலின் முனையை வயிற்றுத் தோல் வழியாக வெளியே எடுத்து அதன்மேல் ஒட்டுகிற பை). பை என்றால் வெட்கப்பட்டுச் சாப்பிடாமல் கிடப்பார்கள், அதைப் பற்றி வீட்டில் சாதாரணமாகப் பேசுங்கள், மாற்றும் முறையை டிஸ்சார்ஜுக்கு முன்பே இரண்டு பேர் நர்ஸிடம் கற்றுக்கொள்ளுங்கள். சில மாதம் கழித்து உடம்பு தேறினால் குடலை மறுபடி இணைத்துப் பையை எடுக்க முடியும், எல்லாருக்கும் இல்லை. கால் தசை உருகிப் போயிருக்கும், கக்கூஸுக்கு நடக்கவே ஒரு மாதம் ஆனது. குலை தூக்குவது, அரிசி மூட்டை தூக்குவது எல்லாம் சர்ஜன் சொல்லும்வரை கூடாது, தழும்பு வழியாகக் குடல் பிதுங்கும்.

சிறுநீரகம் திரும்பினாலும் கதை முடியவில்லை. மூன்று மாதம் கழித்து இரத்தமும் மூத்திரமும் டெஸ்ட் செய்ய வேண்டும், அப்பாயிண்ட்மெண்ட் போடாமல் அனுப்பினால் கேட்டு வாங்குங்கள். டிஸ்சார்ஜ் பேப்பரை இரண்டு காப்பி எடுங்கள். வலி மாத்திரைகளின் பெயரை, டைக்ளோஃபெனாக், மெஃபெனாமிக் ஆசிட், ஐப்யூபுரோஃபென், நாப்ராக்சென் என்று, பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி, இவை வேண்டாம், பனடோல் (பாராசிட்டமால்) மட்டும், அதுவும் அளவோடு என்று போடுங்கள். கிளினிக்கிலும் மருந்துக் கடையிலும் அந்தக் காகிதத்தைக் காட்டுங்கள். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் அந்தப் பட்டியலுக்குக் கீழே அத்தை சிவப்புப் பேனாவில் தன் கையாலேயே ‘ஜாமு’ என்று எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறார், மோட்டார்காரன் மறுபடி வந்தபோது மாமாவே அவனை உள்ளே கூப்பிட்டு அதைக் காட்டினார்.